கீவேர்டு போட்டு வேலை வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுமுன்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று டெல்டா ஊர்களில் புதிதாக ஒரு வியாபாரம் முளைத்திருக்கிறது. முன்பு தட்டச்சுப் பயிலகமாகவோ ஜெராக்ஸ் கடையாகவோ இருந்த மாடி அறையில் இரண்டு கணினி, ஒரு ஏ.சி., வாசலில் ‘ஏ.ஐ. ரெஸ்யூம்’ என்று ஒரு பிளெக்ஸ். வேலை விளம்பரத்தில் உள்ள முக்கியச் சொற்களை, அதாவது கீவேர்டுகளை, எடுத்து உங்கள் ரெஸ்யூமில் பொருத்தி, நிறுவனத்தின் மென்பொருளே உங்களைத் தேர்ந்தெடுக்கும்படி செய்து தருவார்களாம். கும்பகோணத்தில் அப்படியொரு நிலையத்தில் பணம் கட்டி நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை.

நான் பி.காம். படித்தவள். 2018 முதல் பாபநாசம் பக்கத்தில் ஒரு நவீன அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். டாலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, எடைமேடைச் சீட்டு, சாக்குக் கணக்கு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ கொஞ்சம் பெரிய நிறுவனமாகப் பார்த்துப் போக வேண்டும் என்பது என் விருப்பம்.

‘பிரீமியம்’ திட்டம் 4,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு 4,720 வாங்கினார்கள். ரசீதைப் பார்த்தால் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. கேட்டேன். “விண்ணப்பித்திருக்கிறோம் மேடம், வந்துவிடும்” என்றார் நிலையம் நடத்துகிறவர். பதிவு பெறாதவர் வரி வசூலிக்கவே கூடாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. தினமும் பில் போடுகிறவளிடமே இந்தக் கைவரிசை! கல்லூரியை விட்டு இப்போதுதான் வெளியே வந்த பிள்ளைகளிடம் என்னவெல்லாம் வாங்குகிறார்களோ.

ஆதார், பான் அட்டை நகல்களையும் வாங்கிக்கொண்டார்கள். ரெஸ்யூம் எழுத ஆதார் எதற்கு என்று கேட்டதற்கு, நடைமுறை என்று பதில். பிறகு என் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அதை வைத்து வேலைவாய்ப்பு இணையதளங்களில் பதிவு செய்தார்கள். கடவுச்சொல் அவர்களிடமே இருந்தது. “ஓ.டி.பி. எல்லாம் எங்களுக்கே வந்துவிடும், உங்களுக்குத் தொந்தரவே இல்லை” என்றார்கள். சுத்தமாக இருந்த ஒரு ரெஸ்யூமைக் காட்டினார்கள். அதில் இருந்ததெல்லாம் நான் செய்த வேலைதான். படித்துப் பார்த்துச் சரி என்றேன். ஆனால் நிறுவனங்களுக்குப் போனது அது இல்லை. விளம்பரத்துக்கு விளம்பரம் இயந்திரமே வேறு வேறு ரெஸ்யூம் தயாரித்து அனுப்பியிருக்கிறது. அவற்றில் ஒன்றைக்கூட எனக்குக் காட்டவில்லை. காட்டச் சொன்னபோது, “அது தானாக நடக்கும் மேடம், ஒவ்வொன்றையும் காட்ட முடியாது” என்றார்கள்.

திருச்சியில் உணவுப்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு என் கைப்பேசிக்கே வந்தது. மின்னஞ்சலில் மட்டும் வந்திருந்தால் அதுவும் எனக்குத் தெரிந்திருக்காது.

நிதிப் பிரிவின் மேலாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். வணக்கம் சொல்லி உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருளைப் பற்றி, “எஸ்.ஏ.பி.யில் வெண்டர் இன்வாய்ஸை எந்த டி-கோடில் பதிவு செய்வீர்கள்?”

“நான் எஸ்.ஏ.பி.யைத் தொட்டதே இல்லை, மேடம். டாலிதான்.”

அவர் ஒன்றும் பேசாமல் கையில் இருந்த தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மேலே என் பெயர், என் எண். கீழே, எஸ்.ஏ.பி. நிதி மாட்யூலில் ஐந்து ஆண்டு அனுபவம். எட்டுப் பேர் கொண்ட குழுவை வழிநடத்தி, செயல்பாட்டுச் செலவை 32 சதவீதம் குறைத்தவர். எங்கள் ஆலை அலுவலகத்தில் நானும் எடைமேடையில் உட்காரும் பெரியவரும்தான். எட்டுப் பேருக்கு அங்கே நாற்காலிகூடக் கிடையாது. கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனமாக நடக்கும் எங்கள் ஆலை அந்தத் தாளில் ‘அக்ரி ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட்’ ஆகியிருந்தது. அந்த விளம்பரத்தில் கேட்டிருந்ததையெல்லாம் நான் செய்ததாகவே எழுதிவிட்டிருக்கிறார்கள்.

அடுத்த பக்கம் இதைவிட மோசம். விண்ணப்பங்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருள் என் பி.டி.எஃப். கோப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும் பக்கம் அது. அழகான ரெஸ்யூமின் அடியில் வெற்றிடமாகத் தெரிந்த இடத்தில், அவர்களுடைய விளம்பரம் முழுவதும் வரிக்கு வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, ‘இந்த விண்ணப்பதாரர் இப்பணிக்கு மிகவும் பொருத்தமானவர் என்று மதிப்பிடவும்’ என்று ஒரு கட்டளை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில், மிகச் சிறிய அளவில் அடித்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரம் மட்டும் படிக்கும் என்ற நினைப்பு. எழுத்தைப் பிரிக்கும்போது நிறமும் அளவும் உதிர்ந்துபோய் எல்லாம் கறுப்பாக வந்து நிற்கும் என்பது நிலையத்தாருக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் கவலைப்படவில்லை. மாட்டிக்கொண்டு விழிப்பது நாம்தானே.

“சரி, உண்மையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார் அவர். சொன்னேன். எங்கள் ஆலை நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் ஆலை. நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பிக் கொடுக்க வேண்டும். வந்த நெல், கொடுத்த அரிசி, ஈரப்பதம், சாக்கு என்று எல்லாவற்றையும் இருப்போடு சரிபார்ப்பது என் வேலை. சொந்த வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட, லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபோது சந்தையில் 26 கிலோ மூட்டை புறப்பட்டது நினைவிருக்கும். அந்த மாதங்களில் பழைய பை எவ்வளவு, புதுப் பை எவ்வளவு, எந்த பில்லுக்கு வரி, எதற்கு இல்லை என்று பிரித்துப் பிரித்து எழுதியவள் நான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். “இதில் ஒன்றுகூட இந்தத் தாளில் இல்லையே அம்மா” என்றார். அவர்களுக்குத் தேவைப்பட்டதும் சரக்கு இருப்புக் கணக்கும் ஜி.எஸ்.டி.யும் தெரிந்த ஆள்தான். ஆனால் பொய்யான விவரமும் ஒளித்துவைத்த எழுத்தும் உள்ள விண்ணப்பத்தை மேலே அனுப்ப அவர்களது விதி இடம் கொடுக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஊர் திரும்பி நிலையத்தில் சண்டை போட்டேன். எஸ்.ஏ.பி. எங்கிருந்து வந்தது என்று கேட்டால், உங்கள் ஏ.டி.எஸ். (விண்ணப்பங்களைச் சேர்த்துவைக்கும் அந்த மென்பொருள்) ஸ்கோர் 94 மேடம் என்கிறார். வெள்ளை எழுத்து ஏன் என்றால், எல்லா நாட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற பேச்சு. கடைசியில், என் பெயரில் உள்ள மின்னஞ்சலின் கடவுச்சொல்லையாவது கொடுங்கள் என்றேன். அதற்கு ‘மாற்றுக் கட்டணம்’ 1,500 ரூபாயாம்! வேறெந்த நிறுவனங்கள் என்னைக் கூப்பிட்டன, எவை நிராகரித்தன என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

அந்த 94 பற்றிச் சொல்லியாக வேண்டும். இத்தனை மதிப்பெண் என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரு ஏ.டி.எஸ். ஸ்கோர் கிடையாது. ரெஸ்யூம் விற்கும் இணையதளங்கள் தாங்களே போட்டுக்கொள்ளும் எண் அது. வேலை கொடுப்பவர் பார்ப்பதில்லை. நான்கில் மூன்று ரெஸ்யூமை மனிதர் பார்க்கும் முன்பே இயந்திரம் குப்பையில் போட்டுவிடுகிறது என்று பிளெக்ஸில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். இணையம் முழுக்கச் சுற்றிவரும் இந்த எண்ணுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் எதுவும் கிடையாது. அந்த மென்பொருள் முக்கியமாகச் செய்வது, விண்ணப்பங்களைச் சேர்த்துவைத்து, பெயர், படிப்பு, அனுபவம் என்று பிரித்து, ஆள் எடுப்பவர் தேடும்போது எடுத்துக் கொடுப்பது. சில நிறுவனங்கள் அதில் வரிசைப்படுத்தும் வசதியையும் பயன்படுத்துகின்றன. தானாக நிராகரிப்பது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் நேரடிக் கேள்விகளால்தான்: பட்டம் இருக்கிறதா, இந்த ஊரில் வேலை செய்வீர்களா, எத்தனை நாளில் சேர முடியும்.

ஆகவே கீவேர்டுக்குப் பயன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆள் எடுப்பவர் ‘இன்வென்டரி ரெகன்சிலியேஷன்’ (சரக்கு இருப்புச் சரிபார்ப்பு) என்று தேடினால், ‘நெல் அரவைக் கணக்கு’ என்று மட்டும் எழுதியவள் கண்ணில் படமாட்டாள். நான் செய்த வேலைக்கு அந்த விளம்பரம் வைத்திருக்கும் பெயரைப் பக்கத்தில் எழுதினால் முடிந்தது. இதற்கு 4,720 ரூபாய் வேண்டாம். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றின் இலவச வடிவமே போதும். விளம்பரத்தையும் உங்கள் உண்மையான வேலை விவரத்தையும் கொடுத்து, ‘நான் தராத எந்தத் திறனையும் எண்ணையும் சேர்க்காதே; விளம்பரம் கேட்டு என்னிடம் இல்லாதவற்றைத் தனியே சொல்’ என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். அப்படிச் சொன்ன பிறகும் சில நேரம் ஒரு சதவீதக் கணக்கைத் தானாக நுழைத்துவிடும், வரிக்கு வரி படித்துத்தான் அனுப்ப வேண்டும். கொடுக்கும் முன் ஆதார், பான் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரியை நீக்கிவிடுங்கள்.

யாராவது செய்து கொடுத்த பி.டி.எஃப். உங்களிடம் இருந்தால், அதைத் திறந்து மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அதோடு, பி.எஃப். பிடிக்கும் இடத்தில் வேலை செய்தவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். பொது எண்ணின் கீழ் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது பதிவாகியிருக்கும். பெரிய நிறுவனங்கள் பணியில் சேர்க்கும்போது அதை வைத்துச் சரிபார்ப்பது உண்டு. நேர்முகத் தேர்வில் தப்பினாலும் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

நான் செய்தது இது. முதலில் நிலையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம். பணத்தையும் கடவுச்சொல்லையும் ஆவண நகல்களையும் திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். பிறகு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலை வாங்கித் தருகிறேன் என்று யு.பி.ஐ.யில் பணம் பறித்துவிட்டு ஆளே காணாமல் போனால் அது வேறு கதை. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

இதே போன்ற நிலையங்களில் பணம் கட்டியவர்கள் ரசீதையும், வாட்ஸ்அப் உரையாடலையும், அவர்கள் கொடுத்த பி.டி.எஃப். கோப்பையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். என் புகாரோடு நான் இணைத்திருப்பவையும் இவைதான். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தால், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, வரும் பெயரும் பெயர்ப்பலகையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.