நான்கு முனை எல்என்பி என்று தலையில் கட்டிவிடுவார்கள், கவனம்

பணம் கட்டாமல் பார்க்கும் ஃப்ரீ டு ஏர் சேனல்களுக்காக டிஷ் வைக்கப் போகிறீர்களா? அதுவும் ஒரே டிஷ்ஷிலிருந்து இரண்டு மூன்று டிவிக்கு இணைப்பு எடுக்கும் எண்ணமா? அப்படியானால் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீளும் கம்பி நுனியில் இருந்து சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவி) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கேட்டது குவாட் எல்என்பி. டிஷ் மாட்ட வந்தவர் மாட்டிவிட்டுப் போனது குவாட்ரோ. இரண்டிலும் நான்கு முனைகள் இருக்கும், பார்க்கவும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேலையோ முற்றிலும் வேறு.

கேயூ பேண்டில், அதாவது சின்ன டிஷ்ஷுக்கான அலைவரிசைத் தொகுதியில், வரும் சிக்னல் நான்கு பங்காக இருக்கிறது. செங்குத்து, கிடைமட்டம் என்று இரண்டு போலரைசேஷன் (அலை அதிரும் திசை). அவை ஒவ்வொன்றிலும் 10.7 முதல் 11.7 கிகாஹெர்ட்ஸ் வரை லோ பேண்ட், அதற்கு மேல் 12.75 வரை ஹை பேண்ட். சாதாரண யுனிவர்சல் எல்என்பி, ரிசீவர் (டிவியோடு இணைக்கும் செட் டாப் பாக்ஸ்) எதைக் கேட்கிறதோ அந்தப் பங்குக்கு மாறிக்கொள்ளும். கேபிளில் 13 வோல்ட் வந்தால் செங்குத்து, 18 வோல்ட் வந்தால் கிடைமட்டம். கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் டோன் வந்தால் ஹை பேண்ட். குவாட் எல்என்பியின் நான்கு முனைகளும் தனித்தனியாக இப்படி மாறும் என்பதால் எந்த முனையில் எந்த ரிசீவரை மாட்டினாலும் எல்லாச் சேனலும் வரும். குவாட்ரோவில் இந்த மாற்றமே கிடையாது. ஒரு முனையில் எப்போதும் செங்குத்து லோ, இன்னொன்றில் செங்குத்து ஹை, மற்ற இரண்டில் கிடைமட்டத்தின் லோவும் ஹையும். நான்கையும் ஒரு மல்டிஸ்விட்ச்சில் சேர்த்து, அங்கிருந்துதான் ரிசீவர்களுக்குப் பிரிக்க வேண்டும். பல வீடுகள் உள்ள கட்டடத்துக்கு அருமையான பொருள். ரிசீவரில் நேரடியாக மாட்டினால் கால் பங்கு சேனல்தான்.

மாட்டிய அன்று இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவர் பிளைண்ட் ஸ்கேன் (எல்லா அலைவரிசையையும் ரிசீவரே தேடுவது) போட்டு, "பாருங்க சார், எவ்வளவு சேனல் வந்திருக்கு!" என்று பட்டியலை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார். பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. ஆனால் அதே சேனல்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. ரிசீவர் செங்குத்தைக் கேட்டாலும் கிடைமட்டத்தைக் கேட்டாலும் குவாட்ரோ முனை அதே சிக்னலைத்தான் தரும். ரிசீவருக்கு அது புரியாது, இரண்டிலும் கிடைத்ததாகக் குறித்துக்கொள்ளும். பேண்ட் மாறும்போது இன்னும் வேடிக்கை. எல்என்பி தன் ஆஸிலேட்டர் அலைவரிசையைக் கழித்துவிட்டுத்தான் சிக்னலைக் கேபிளில் அனுப்பும். லோ பேண்டுக்கு 9750, ஹை பேண்டுக்கு 10600 மெகாஹெர்ட்ஸ் என்று அதைத் திரும்பக் கூட்டித்தான் ரிசீவர் அலைவரிசையைக் காட்டுகிறது. ஆகவே 10950இல் உள்ள சேனல் 11800இலும் இருப்பதாகத் தலைகாட்டும். இடைவெளி சரியாக 850. உங்கள் பட்டியலிலும் ஒரே சேனல் இப்படி 850 மெகாஹெர்ட்ஸ் தள்ளி மறுபடி வந்திருந்தால் முதலில் எல்என்பியைச் சந்தேகப்படுங்கள். ரிசீவரில் தவறான எல்என்பி வகையைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போகாமல் இருந்தாலும் இதே கூத்து நடக்கும். மெனுவில் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

முன்னறை ரிசீவரில் வரும் சேனல் எதுவும் உள்ளறையில் வரவில்லை, உள்ளறையில் வருவது இங்கே வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். முதல் பதில், "அந்தச் சேனலெல்லாம் பே சேனல் ஆக்கிட்டாங்க சார்." பக்கத்து டிவியில் ஓடிக்கொண்டிருக்கும் சேனல் எப்படிப் பே சேனல் ஆகும்? அடுத்த பதில், ரிசீவர் பழசு, புதிதாக வாங்குங்கள். அதற்கும் நான் மசியவில்லை என்றதும் ஒரு லைன் ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து மாட்டி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டார்.

இந்த ஆம்ப்ளிஃபையர் வித்தையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். ரிசீவர் திரையில் இரண்டு கோடுகள் இருக்கும், ஸ்ட்ரென்த், குவாலிட்டி. ஸ்ட்ரென்த் என்பது கேபிள் வழியாக எவ்வளவு வருகிறது என்பது மட்டுமே. இரைச்சலும் அதில் சேர்த்தி. டிஷ்ஷை வெறும் வானத்தின் பக்கம் திருப்பி வைத்தாலும் எல்என்பியின் சொந்த இரைச்சலிலேயே அந்தக் கோடு கணிசமாக ஏறி நிற்கும். ஆம்ப்ளிஃபையர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கோடு 90க்கு மேல் போகும், படம் வராது. கேபிள் மிக நீளமாக இருந்தால் அதற்கு உபயோகம் உண்டு, எல்என்பியை ஒட்டி மாட்டினால். மற்றபடி பார்க்க வேண்டியது குவாலிட்டி ஒன்றைத்தான். மாட்ட வந்தவர் ஸ்ட்ரென்த்தை மட்டும் விரலால் சுட்டிக்காட்டினால், குவாலிட்டி கோட்டை அவருக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

எல்என்பியின் அட்டைப் பெட்டியில் பெரிதாக 0.1 டிபி (டெசிபல்) என்று அச்சடித்திருந்தது. இந்த எண்ணுக்காகவே கூடுதல் விலை. இரைச்சல் அளவு 0.3 டிபி உள்ள எல்என்பிக்கும் நிஜமாகவே 0.1 உள்ளதற்கும் வித்தியாசம், இரைச்சலை வெப்பநிலையாகக் கணக்கிட்டால், சுமார் 14 கெல்வின். நல்ல டிஷ்ஷில் அது ஒரு டிபியில் சிறு பகுதிதான். பெட்டியில் போடுவதை எல்லாம் அந்தப் பொருள் தருகிறது என்றும் நம்ப வேண்டாம். வீட்டில் இருந்துகொண்டு அதை அளந்து பார்க்க நமக்கு வழியில்லை, விற்பவருக்கு அது தெரியும்.

அந்த 0.2 டிபிக்குக் காசு வாங்கியவர், எல்என்பியைக் கிளாம்பில் நட்டக்குத்தலாக நிறுத்தி நட்டை முடுக்கியிருந்தார். ஸ்கியூ, அதாவது எல்என்பியைச் சுழற்றி வைக்கும் கோணம், அதை அவர் தொடவே இல்லை. நீங்கள் இருக்கும் இடமும் செயற்கைக்கோளும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருந்தால்தான் பெரும்பாலும் அப்படி விடலாம். கிழக்கிலோ மேற்கிலோ தள்ளியிருந்தால் எல்என்பியைக் கிளாம்புக்குள் சற்றுச் சுழற்ற வேண்டும். 20 டிகிரி பிசகினால் சிக்னல் அரை டிபிதான் குறையும், ஆனால் எதிர்ப் போலரைசேஷன், நமக்கு வேண்டிய சிக்னலைவிட வெறும் 9 டிபி மட்டுமே குறைந்த வலிமையில் உள்ளே கசியும். டிவிபி-எஸ்2 என்ற ஒளிபரப்பு முறையில் 8பிஎஸ்கே 3/4 அமைப்பில் வரும் சேனலுக்கு ஏறத்தாழ 8 டிபி தெளிவு தேவை, அதாவது சிக்னல் இரைச்சலையும் கசிவையும்விட அவ்வளவு மேலே நிற்க வேண்டும். தெளிந்த வானத்திலேயே விளிம்பில் நிற்கும் சேனல் மழை தூறினால் என்ன ஆகும்? இரண்டாம் ஆளை வைத்துக்கொண்டு குவாலிட்டியைப் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றுங்கள். ஆர்முக்குள் முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் நகர்த்திப் பார்ப்பதும் பலன் தரும். கேபிளைக் கழற்றும்போது ரிசீவரை மின்சாரத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். மேல்வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும்.

உண்மை வெளிப்பட்டது எல்என்பியின் மழைமூடியைக் கீழே இழுத்தபோதுதான். ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் விஎல், விஹெச், ஹெச்எல், ஹெச்ஹெச் என்று பொறித்திருந்தது (முதல் எழுத்து வி செங்குத்து, ஹெச் கிடைமட்டம்; இரண்டாவது எல் லோ, ஹெச் ஹை). குவாடில் இந்த எழுத்துகள் இருக்காது, இருந்தால் 1, 2, 3, 4 என்று எண்கள்தான். எழுத்து தெரியாவிட்டாலும் கவலையில்லை. அதே ரிசீவரை வேறு முனைக்கு மாற்றி மறுபடி ஸ்கேன் போடுங்கள், பட்டியல் மாறினால் அது குவாட்ரோ. டிஷ் மாட்டுபவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

வேறு சிலவும் இதே போல் தள்ளிவிடப்படுகின்றன. 10400 என்ற ஒரே ஆஸிலேட்டர் அலைவரிசை போட்ட வைட்பேண்ட் எல்என்பி சாதாரண ரிசீவரில் வேலை செய்யாது. வட்டப் போலரைசேஷனுக்கான எல்என்பியை நேர்ப் போலரைசேஷன் (செங்குத்து, கிடைமட்டம்) செயற்கைக்கோளுக்கு வைத்தால் பாதி சக்தி போய்விடும், இரண்டு போலரைசேஷனும் கலந்தும் வரும். சி பேண்ட் என்ற இன்னொரு அலைவரிசைத் தொகுதி என்றால் ஆஸிலேட்டர் 5150. அங்கே பக்கத்தில் 5ஜி டவர் இருந்தால் எல்என்பி திணறும், 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் ஃபில்டர் உள்ளதைக் கேளுங்கள். நீங்கள் பார்க்கும் சேனல் 3.7க்குக் கீழே இருந்தால் அந்த ஃபில்டரே அதையும் வெட்டிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எந்த எல்என்பியும் பே சேனலைத் திறக்காது. பூட்டு சேனலின் சிக்னலுக்குள்ளேயே இருக்கிறது. "இந்த எல்என்பி போட்டா எல்லாம் ஓபன் ஆயிடும்" என்பவரிடம் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பினேன். பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது. பில்லைப் பார்த்தேன், "எல்என்பி 1" என்று மட்டும் போட்டிருந்தார், குவாட் என்று எங்குமே இல்லை. ஆகவே காசு கொடுக்கும் முன் பில்லிலேயே வகை, முனைகளின் எண்ணிக்கை, 9750/10600 என்ற ஆஸிலேட்டர் எண்கள் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ஆம்ப்ளிஃபையரை மட்டும் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம்.