பிரஷ்ஷும் கிரீமுமா, ஃபோம் டப்பாவா? போர் தண்ணீர் வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

2018-இல் மயிலாப்பூரிலிருந்து மடிப்பாக்கத்துக்குக் குடிவந்த வாரத்தில், கல்லூரிக் காலத்திலிருந்து நான் பயன்படுத்திவந்த அதே ஷேவிங் கிரீமும் அதே பிரஷ்ஷும் திடீரென்று உதவாமல் போயின. கன்னத்தில் எவ்வளவு சுழற்றினாலும் நுரை எழும்பவில்லை. திரிந்த பாலைப் போல வெள்ளைத் துணுக்குகளாகப் பிரிந்து தாடையில் வழிந்தது. பிரஷ் பழசாகிவிட்டது என்று புதிது வாங்கினேன், கிரீமையும் மாற்றினேன். இரண்டிலும் பலன் இல்லாததால், அழுத்தியதும் நுரை வரும் ஃபோம் டப்பாவுக்கு மாறி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அதிலேயே காலம் தள்ளினேன். இப்போது மறுபடியும் பிரஷ்ஷுக்குத் திரும்பிவிட்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையிலும் நேரத்திலும் அதிகம் பேச ஒன்றுமில்லை. 70 கிராம் கிரீம் டியூப் எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் வருகிறது; அதைவிட விலை கூடிய ஃபோம் டப்பா அவ்வளவு நாள் வந்ததில்லை. நேரத்தைப் பொறுத்தவரை ஃபோம் மூன்று நான்கு நிமிடங்களை மிச்சப்படுத்துகிறது. டப்பாவின் அடிவிளிம்பு எங்கள் குளியலறைத் தட்டில் வட்டமாகத் துருக்கறையைப் பதித்ததும், அதற்குள் எரியக்கூடிய பியூட்டேன், புரொப்பேன் வாயுக்கள் அடைக்கப்பட்டிருப்பதால் கீசருக்குப் பக்கத்தில் வைக்க மனம் வராததும் சின்னக் குறைகள். அவற்றுக்காக மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை.

முடிவைத் தீர்மானித்தது தண்ணீர்தான். ஷேவிங் கிரீம் என்பது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தோடு சேர்த்துச் செய்த மென்மையான சோப்பு. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. அவை அந்தச் சோப்போடு சேர்ந்ததும், தண்ணீரில் கரையாத வெள்ளைப் படிவமாகிவிடும். நாம் பிரஷ்ஷில் எடுக்கும் கொஞ்சம் கிரீமில் ஒரு பகுதி இப்படியே வீணாகிறது. மிச்சமிருப்பது நுரையாகப் போதுமானதாக இல்லை. மயிலாப்பூர் வீட்டில் குழாயில் வந்தது மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் தண்ணீர். புழல், செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளில் தேங்கிய மழைநீரில் இந்த உப்புகள் குறைவு. மடிப்பாக்கத்தில் எங்கள் குளியலறைக் குழாயில் வருவது முழுக்க போர் தண்ணீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரமே லாரியை நம்பியிருந்தபோது, எங்கள் சம்ப்பில் இறங்கிய தண்ணீரின் சுவையே லாரிக்கு லாரி மாறியது.

இதெல்லாம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைக்க வைத்தது சமையலறை. ஒரு நாள் குக்கரில் சாம்பாருக்குப் பருப்பு வைத்தபோது, “போர் தண்ணியில பருப்பு வேகாதுடா, கேன் தண்ணிய ஊத்து” என்றார் அம்மா. பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பொருளோடு பிணைந்து அதை வேகவிடாமல் இறுக்குவதும் இதே கால்சியம்தான். மறுநாள் காலை அதே கேன் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து, இரண்டு நிமிடம் பிரஷ்ஷை அதில் ஊறவைத்து, லேசாக உதறிவிட்டு, முந்திரிப் பருப்பளவு கிரீமைக் கன்னத்தில் வைத்துச் சுழற்றினேன். அரை நிமிடத்தில் நுரை திரண்டது. ஆற்றிய காபியின் மேல் நிற்கும் பெரிய குமிழிகள் அல்ல; கண்ணுக்குக் குமிழியே தெரியாமல், பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் அடர்த்தியான நுரை. ஒன்றரை ஆண்டுக்கு முன் தூக்கி வைத்த அதே கிரீம்தான் அது.

கீசரில் சூடாக்கினால் போதாதா என்று கேட்கலாம். அந்தக் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாக இருந்தால் மட்டுமே கொதித்ததும் படிந்து விலகும். குளோரைடாகவும் சல்ஃபேட்டாகவும் இருப்பது கொதித்தாலும் போகாது. அதிலும் கீசர் தண்ணீரைக் கொதிக்கவே விடுவதில்லை. எங்கள் வீட்டில் சூடான போர் தண்ணீரிலும் நுரை திரியத்தான் செய்தது. கேன் தண்ணீரைச் சற்றுச் சூடாக்கிக்கொள்வதே வழி.

ஃபோமுக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1949-இல் அமெரிக்காவில் ரைஸ் என்ற பெயரில் அறிமுகமான நாளிலிருந்து அதன் சிறப்பே இதுதான்: நுரைக்கு வேண்டிய தண்ணீர் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக் குழாயில் எந்தத் தண்ணீர் வந்தாலும் அதன் நுரை கெடுவதில்லை. ஆனால் கையால் பூசும்போது அது முடியின் மேல் போர்வையாக உட்கார்ந்துவிடுகிறது. தாடி முடி மென்மையாவது தண்ணீரை உறிஞ்சினால்தான். பிரஷ் அந்தத் தண்ணீரை முடியின் அடி வரை தேய்த்து ஏற்றுகிறது, படுத்திருக்கும் முடியைத் தூக்கியும் விடுகிறது. என் கழுத்தில் முடி சாய்வாக வளர்வதால், ஃபோம் நாட்களில் அங்கே சிவந்த புள்ளிகள் நிற்கும். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறுவதற்குள் சட்டைக் காலருக்கடியில் வியர்வை பட்டு அவை எரியும். குளித்து முடித்த கையோடு ஃபோம் போட்டபோது எரிச்சல் பாதியாகக் குறைந்தது உண்மை. பிரஷ்ஷுக்குத் திரும்பிய பிறகு வாரத்துக்கு ஒரு புள்ளி வந்தாலே அதிகம். நான் இரண்டு பக்கமும் கூருள்ள ஒற்றை பிளேடு ரேசர்தான் பயன்படுத்துகிறேன். ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு தெரியாமல் போகலாம். ஜெல்லை இரண்டு வாரம்தான் பார்த்தேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

பிரஷ்ஷுக்குப் பராமரிப்பு வேண்டும், அதை மறைக்கப்போவதில்லை. போர் தண்ணீரில் அலசினால் முடிகளின் அடியில் அந்த வெள்ளைப் படிவம் சேர்ந்து விறைத்துவிடும். கடைசி அலசலையும் டம்ளரில் மிஞ்சிய கேன் தண்ணீரில் செய்து, மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் அது கரைந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பன்றி முடி பிரஷ் குளியலறையில் காயவே காயாமல் நாற்றமெடுத்தது. செயற்கை இழை பிரஷ்ஷுக்கு மாறியபின் அந்தத் தொல்லையும் தீர்ந்தது. ஷேவிங்குக்கு முன் அதை ஊறவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. எதுவானாலும் ஒருவருடையதை இன்னொருவர் தொடக் கூடாது. சலூனுக்குப் போனால் நான் ஃபோமே போடச் சொல்வதும் இதனால்தான்.

மெட்ரோ வாட்டர் வரும் வீட்டில் இருப்பவர் இந்தக் கேன் தண்ணீர் ஏற்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் குழாயடியில் பிரஷ்ஷை நனைக்கலாம். எங்கள் வீட்டில் ஃபோம் டப்பா ஒன்று இன்னும் இருக்கிறது, துருக்கறை படியாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியின் மேல். தாம்பரத்தில் விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டிய நாட்களில் அதைத்தான் எடுக்கிறேன். மற்ற நாட்களில் பிரஷ் ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்குகிறது, அரை டம்ளர் கேன் தண்ணீர் வாஷ்பேசின் ஓரத்தில் இருக்கிறது.