சீனியர் லிவிங் வீடு பார்க்கப் போகிறீர்களா? ராத்திரி எட்டு மணிக்குப் பிறகும் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

கோவையைச் சுற்றி வடவள்ளி, பேரூர், தொண்டாமுத்தூர், துடியலூர் பக்கமெல்லாம் சீனியர் லிவிங், அதாவது வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகள் வந்து பல வருடம் ஆகிவிட்டது. குடியேறிய முதல் வருடம் அநேகமாக எல்லோருக்கும் திருப்தியாகவே போகிறது. இடத்தின் தரம் தெரிவது மூன்றாவது, நான்காவது வருடத்தில். வந்தபோது வீசி நடந்தவர் அதற்குள் வாக்கர் பிடித்திருப்பார். ஜோடியாக வந்தவர்களில் ஒருவர் தனியாகியிருப்பார். அந்த நாளுக்கு இந்த வீடு தாங்குமா என்றுதான் அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ இடம் பார்க்கிறவர்கள் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

முதலில் பாத்ரூம். கதவு உள்பக்கம் திறந்தால் அந்த வீடு வேண்டாம், அல்லது கதவை மாற்றித் தரச் சொல்லுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். வெளியிலிருந்து தள்ளவும் முடியாது, உடைக்கவும் முடியாது. வெளிப்பக்கம் திறப்பதோ பக்கவாட்டில் நகர்வதோ தான் சரி. திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி 80 செ.மீ. ஆவது இருக்கட்டும், 90 இருந்தால் வீல்சேர் சிரமமில்லாமல் போகும். கமோடு 17, 18 அங்குல உயரம் வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் தேய்ந்தவர்கள் எழுந்திருக்கத் திண்டாடுவார்கள். கைப்பிடிக் கம்பியைப் பார்த்துவிட்டு மட்டும் வராதீர்கள், உடம்பு எடை முழுவதையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். லேசான பிளாக் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டிய கம்பி ஒரே வருடத்தில் ஆடத் தொடங்கும். ஆடுகிற கம்பியைவிடக் கம்பியே இல்லாதது மேல், ஏனென்றால் அதை நம்பித்தான் காலைத் தூக்கி வைக்கிறார்கள்.

கமோடுக்குப் பக்கத்தில் தொங்கும் அவசர மணிக் கயிற்றையும் கவனியுங்கள். தரையில் கிடப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி அது கீழே வரை தொங்க வேண்டும். நிறைய வீடுகளில் அது இடுப்புக்கு மேலே சுருட்டி முடிச்சுப் போட்டிருக்கும். தரை துடைக்கும்போது நனைகிறது, துடைப்பத்தில் மாட்டுகிறது என்று ஹவுஸ்கீப்பிங் பெண்கள் எடுத்துக் கட்டியிருப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, ஏன் தொங்குகிறது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். மாதிரி வீட்டை விட்டுவிட்டு, ஆள் குடியிருக்கிற இரண்டு மூன்று வீடுகளில் அனுமதி கேட்டு இதைப் பாருங்கள். கயிறு முடிச்சில்லாமல் தொங்கினால் அங்கே யாரோ ஒருவர் தினமும் மேற்பார்வை பார்க்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து ராத்திரி. பகலில் மேனேஜர், நர்ஸ், பிசியோ, எலெக்ட்ரீஷியன் எல்லோரும் இருப்பார்கள். எட்டு மணிக்கு மேல் எத்தனை பேர், அவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ் யார், அவர் எந்த பிளாக்கில் இருக்கிறார் என்று கேளுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு மணியை அழுத்தி, ஆள் கதவுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் நல்லது. மணி செக்யூரிட்டி கேபினில் மட்டும் அடித்து, அவர் போன் போட்டு நர்ஸை எழுப்பி அனுப்புகிற ஏற்பாடு என்றால் அது பத்து, பதினைந்து நிமிடம் ஆகிவிடும்.

மேற்கே மலையடிவாரம் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. நரசீபுரம், தொண்டாமுத்தூர், தடாகம் பகுதிகளில் யானை நடமாட்டம் இருக்கிறது. இருட்டினால் தோட்டத்துப் பாதையில் தனியாக நடக்க ஊர்க்காரர்களே யோசிப்பார்கள். நைட் ஷிஃப்டுக்கு வெளியிலிருந்து வரும் பெண்களைக் கடைசி டவுன் பஸ் எங்கே இறக்கிவிடுகிறது, நிர்வாகம் வண்டி விடுகிறதா, உள்ளேயே தங்க இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வண்டியும் இல்லை, தங்க இடமும் இல்லை என்றால் ஆள் நிலைக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு புது முகம் வரும். இருக்கிற ஆட்களில் மூன்று வருடத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வரும் பதில், கிளப் ஹவுஸைவிட நிறையச் சொல்லும்.

ஜூன் தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் அடிக்கும். ஒரு பக்கம் திறந்த வராந்தா டைல்ஸ் அப்போது எப்படி வழுக்குகிறது என்று பார்க்க அந்த மாதங்களே ஏற்றவை.

சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமை மதியம் ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள், அன்றைக்கு வடை பாயசம் இருக்கும். செவ்வாய், புதன் ராத்திரி டிபனுக்குப் போங்கள். இலவச விருந்தினராகப் போகாமல் கூப்பன் வாங்கிச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டு போடுகிற தொட்டியை எட்டிப் பாருங்கள். சாதமும் பொரியலும் பாதியாகத் திரும்பியிருந்தால், அது பல்செட் போட்டவர்களால் மெல்ல முடியாத பதத்தில் வந்திருக்கலாம். குழைய வடித்த சாதம், உப்பு குறைத்த குழம்பு தனியாகக் கிடைக்குமா என்று சமையல்காரரையே கேளுங்கள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணி, காலை டிபன் எட்டு மணி என்றால் நடுவில் 13 மணி நேரம். இன்சுலின் போடுகிறவருக்கு அதற்குள் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். ஒன்பதரைக்குப் பாலோ வேறு ஏதாவது ஆகாரமோ உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் வீட்டில் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றுக்கு இடம் ஒதுக்குங்கள். அறைக்கே சாப்பாடு கொண்டுவரத் தனிக் கட்டணமா என்பதும் முக்கியம், மூன்றாவது வருடத்தில் அது தினப்படி செலவாகிவிடும்.

பண விஷயத்தில், வீட்டை வாங்குவதும் டெபாசிட் கட்டி இருப்பதும் வேறு வேறு. சொந்தமாக வாங்கினால் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைப் பாருங்கள். ஆனால் ரெரா கட்டடத்தைக் காக்கும். நர்ஸ் வருவதையும் சாப்பாட்டையும் அது காக்காது. கட்டியவர் ஒருவர், நடத்துகிறவர் இன்னொருவர் என்பது சகஜம். நடத்துகிறவர் பாதியில் விலகினால் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிகள், கட்டியவர், நடத்துகிறவர், வாங்குகிறவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தத்தைச் சொல்கின்றன. அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாத மெயின்டனன்ஸ் இன்றைக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 8 சதவீதம் கூடினால் பத்து வருடத்தில் சுமார் 25,900 ஆகும். 5 சதவீதம் என்றால் சுமார் 19,500. பென்ஷன் அந்த வேகத்தில் ஏறுமா என்று கணக்குப் போடுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதற்கு ரசீது, சுற்றறிக்கை நகல் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் எழுதி வாங்குங்கள். டெபாசிட் முறை என்றால் காலி செய்த எத்தனை நாளில் திரும்பும், பெயின்ட் அடிக்க, ரிப்பேருக்கு என்று எவ்வளவு பிடிப்பார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப் பணம் கழிப்பார்களா என்று பாருங்கள். சொந்த வீட்டில் இன்னொரு விஷயம்: 50 அல்லது 55 வயதுக்குக் கீழே உள்ளவர் குடியிருக்கக் கூடாது என்ற விதி இருந்தால், வாரிசுக்கு வீடு சொந்தமாகுமே தவிர அதில் குடியிருக்க முடியாது. விற்கும்போது மாற்றல் கட்டணம் எத்தனை சதவீதம் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

ஒப்பந்தத்தில் நிதானமாகப் படிக்க வேண்டியது, ‘தன் வேலையைத் தானே செய்ய இயலாத நிலை’ வந்தால் என்ன என்ற பகுதி. படுக்கையில் விழுந்தாலோ மறதி நோய் வந்தாலோ அதே வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா, அதே வளாகத்தில் பராமரிப்புப் பிரிவு உண்டா, அல்லது வெளியே அனுப்புவார்களா? வெளி அட்டெண்டரை அனுமதித்தால் அவருக்குச் சாப்பாட்டுக் கட்டணம், தங்கும் இடம், டயப்பர் கழிவை யார் எடுப்பது வரை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லிஃப்டை டேப் வைத்து அளங்கள். ஸ்ட்ரெச்சர் ஏறத்தாழ ஆறேகால் அடி நீளம் இருக்கும். லிஃப்டின் உள் ஆழம் ஏழு அடி இல்லையென்றால் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் இறக்க முடியும். இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு அது பெரிய கொடுமை. அப்படிப்பட்ட கட்டடத்தில் தரைத்தளம் மட்டும் கேளுங்கள்.

எல்லாம் பிடித்திருந்தாலும் விருந்தினர் அறையில் ஒரு வாரம் குடியேறப் போகிற பெரியவர்களைத் தங்க வையுங்கள். இரண்டு நாளாவது நீங்கள் இல்லாமல் இருக்கட்டும். நடுவே ஒரு ராத்திரி நீங்களே அந்தக் குடியிருப்பின் அலுவலகத்தைப் போனில் அழைத்து, எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். புறப்படும் முன் மேனேஜரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள், கேட்கச் சங்கடமாக இருந்தாலும். இறப்பு நேர்ந்தால், பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்து சேரும் வரை உடலை எங்கே வைப்பார்கள், ஃப்ரீசர் பாக்ஸ் வீட்டு வாசல் வரை வருமா, சடங்குக்கு வளாகத்தில் இடம் தருவார்களா? பழகிய நிர்வாகம் இதற்குத் தயங்காமல், பெட்டி எங்கிருந்து வரும், எந்தக் கேட் வழியாக வரும் என்பது வரை சொல்லும்.