தேக்காவா, செங்காங்கா? வீடு பார்க்கும்போது பயத்தை எங்கே அளப்பது

"பொம்பளப் பிள்ளைய வச்சிக்கிட்டு தேக்காவுல வீடா?" சிங்கப்பூரில் வாடகைக்கோ சொந்தமாகவோ வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். தேக்கா என்பது லிட்டில் இந்தியா வட்டாரம். கேட்பவர் பெரும்பாலும் வடகிழக்கில் உள்ள புதிய பேட்டைகளான செங்காங்கிலோ பொங்கோலிலோ குடியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காய்கறி வாங்க வந்து, விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்களின் கூட்டத்தில் நெரிபட்டு, அந்த ஒரு மணி நேரத்தை வைத்தே வட்டாரத்துக்குத் தீர்ப்பு எழுதியிருப்பார். இரண்டு பக்கமும் பார்த்து, கணக்குப் போட்டு, நான் தேர்ந்தெடுத்தது தேக்கா பக்கம். ஆகவே கீழே வருவது நடுநிலையான அலசல் இல்லை. காரணங்களைச் சொல்கிறேன், நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். செங்காங், பொங்கோல் வீடுகள் புதியவை. ஒரு மாடியில் வீடுகள் குறைவு, பிள்ளைகள் விளையாட இடம் உண்டு, கால்வாயோரம் நடக்கலாம். தேக்காவில் சந்தை, கோயில், மளிகை, மருந்துக்கடை எல்லாம் காலடியில். இரண்டும் ஒரே வடகிழக்கு ரயில் தடத்தில்தான் இருக்கின்றன. பாதுகாப்பு என்று வரும்போது இவை எதுவும் முடிவைத் தீர்மானிப்பதில்லை.

'தேக்கா' என்று ஒரே சொல்லால் சொல்லும் இடத்தை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பஃபலோ சாலை, சந்தர் சாலை புளோக்குகள் சந்தையை ஒட்டியவை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வாசல்வரை வரும். ரோவல் சாலை, டெஸ்கர் சாலை பக்கம் பின்சந்துகளில் விலைமாதர் விடுதிகள் இருப்பது ஊரறிந்தது. அங்கே வீடு பார்ப்பவர்கள் எந்தச் சந்து எந்தப் பக்கம் திறக்கிறது என்று நடந்தே பார்க்க வேண்டும். ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தைத் தாண்டி ஓவன் சாலை, டோர்செட் சாலை, பெக் கியோ சந்தை என்று போனால் அது வேறு உலகம். தேக்காவுக்கு நடந்து போகும் தூரம்தான், ஆனால் முதியவர்கள் வாய்ட் டெக்கில் (புளோக்கின் திறந்த தரைத்தளத்தில்) உட்கார்ந்து பேசும் பழைய அமைதியான குடியிருப்பு. குடும்பமாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

பயத்தின் பெரும்பகுதி ஒரே இரவிலிருந்து வந்தது. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழ் ஊழியர் தனியார் பேருந்தில் சிக்கி இறந்தார். ஏறக்குறைய 300 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். காவல்துறை வாகனங்களும் ஆம்புலன்சும் எரிந்தன. அந்தப் படங்கள் இன்னும் மனதில் நிற்கின்றன. ஆனால் அதற்குப் பின் வந்த சட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2015 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் இதற்கும் மேலான கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடத்தில் ஒரு சொட்டுக்கும் அனுமதி இல்லை. வார இறுதியில் கடைகள் எடுத்துச்செல்ல மது விற்பதும் மாலை 7 மணியோடு நின்றுவிடும்.

இதைச் செங்காங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு ஒரு புளோக்கின் கீழே நாலு பேர் பீர் டின்னோடு உட்கார்ந்தால் அது சட்டப்படி குற்றமில்லை. அதே நேரத்தில் சந்தர் சாலையில் உட்கார்ந்தால் குற்றம். வார இறுதியில் குடிகாரத் தொல்லைக்குப் பயந்து தேக்காவைத் தவிர்ப்பவர்கள், சட்டம் கடுமையாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு இளகியிருக்கும் இடத்துக்குப் போகிறார்கள்.

கூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலுமாகத் தரையில் உட்கார்ந்து, காணொளி அழைப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊழியரைக் கண்டு பயப்பட ஒன்றுமே இல்லை. 2008-ல் சிராங்கூன் கார்டன்சில் ஊழியர் விடுதி வருகிறது என்றதும் குடியிருப்பாளர்கள் மனுப் போட்டு எதிர்த்தார்கள். விடுதி வந்தது. போகவர பர்க்லி டிரைவ் வழியாகத் தனிச் சாலை போட்டுக் கொடுத்தார்கள். எதிர்ப்பு நாளடைவில் அடங்கிவிட்டது. நம் மொழி பேசுகிறவர்களை நாமே குற்றவாளிகளைப் பார்ப்பதுபோல் பார்ப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி எனக்கு முடிவைத் தந்த விஷயம்: ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக் கதவுவரை உள்ள கடைசிப் பத்து நிமிட நடை. வேலை முடிந்து இரவு பதினொன்றுக்கு மகளோ மனைவியோ தனியாக நடந்து வருவது இந்த வழியில்தான். கண்காணிப்பு கேமராவை வைத்து இரண்டு இடங்களையும் பிரிக்க முடியாது. 2012-ல் தொடங்கி 2016-க்குள் சுமார் 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளிலும் பலமாடி வாகன நிறுத்துமிடங்களிலும் காவல்துறை கேமரா பொருத்திவிட்டது. அது நடந்ததைப் பிறகு எடுத்துக் காட்டும். நடக்கிற நேரத்தில் துணையாக இருப்பவை வேறு.

முதல் துணை மனிதக் கண்கள். ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கினால் பதினொரு மணிக்கும் கடைகள் திறந்திருக்கும், சாப்பாட்டுக்கடையில் ஆள் இருக்கும். சையத் ஆல்வி சாலைப் பக்கம் முஸ்தஃபா பேரங்காடி நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். யாராவது பின்னால் வருவதுபோல் தோன்றினால் உள்ளே நுழைய ஒரு கதவு உண்டு. செங்காங்கில் அந்த நேரத்தில் கடைத்தொகுதி மூடியிருக்கும். எல்ஆர்டி இலகு ரயிலில் ஏறி, இறங்கி, பிறகு நடக்க வேண்டும். அந்த நடையில் திறந்த கதவு எதுவும் இல்லாமலே வீடு வந்துவிடும். யாரும் ஏதும் செய்யப்போவதில்லை என்று மனதுக்குத் தெரிந்தாலும் கால் வேகமாகும்.

இரண்டாவது, பார்வை எவ்வளவு தூரம் போகிறது என்பது. புதிய குடியிருப்புகளில் பலமாடி வாகன நிறுத்துமிடத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் புளோக்குகளைக் கட்டியிருப்பார்கள். மழையில் நனையாமல் போகச் சுருக்குவழி பெரும்பாலும் அந்தக் கட்டடத்தின் தரைத்தளம் வழியாகத்தான் இருக்கும். தூண், தூணுக்குப் பின் லாரி, லாரிக்குப் பின் படிக்கட்டு: பத்தடிக்கு மேல் கண் போகாது. கூரையிட்ட நடைபாதை இருந்தால் ஐம்பது மீட்டர் சுற்றானாலும் அதையே எடுங்கள். பழைய தேக்கா புளோக்குகளிலும் இந்தக் குறை உண்டு, ஆனால் வேறு இடத்தில். வாய்ட் டெக்கில் குப்பை அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு மூலை இருக்கும். லிஃப்ட் முகப்பு அந்த மூலையை ஒட்டி இருக்கிறதா, சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிறதா என்று பாருங்கள். சாலையில் நின்றபடியே லிஃப்ட்டுக்குக் காத்திருப்பவர் தெரிந்தால் அந்த புளோக்கைத் தைரியமாக எடுக்கலாம். லிஃப்ட் கதவில் கண்ணாடி இருப்பதும் முக்கியம். உள்ளே யார் என்று பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் அடுத்ததுக்குக் காத்திருக்கலாம்.

மூன்றாவது வெளிச்சம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பிரகாசமான விளக்கு இருந்தால் போதும் என்று நினைப்போம். ஒரு விளக்கு கண்ணைக் கூசவைத்து அடுத்த இருபதடி இருட்டாக இருந்தால் அது மங்கலான, ஒரே சீரான வெளிச்சத்தைவிட மோசம். கண் பழகுவதற்குள் இருட்டைத் தாண்டிவிடுகிறோம், எதையும் பார்த்திருக்க மாட்டோம். புதிய பேட்டைகள் சிலவற்றில் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து வெளிச்சத்தைக் கூட்டும் விளக்குகள் உண்டு. பொங்கோலின் நார்த்ஷோர் குடியிருப்பு அதில் முன்னோடி. மின்சாரத்துக்கு நல்லதுதான். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது நீங்கள் போகவேண்டிய பாதை மங்கலாகத் தெரியும், கிட்டே போனால்தான் வெளிச்சம் கூடும். 'இங்கே இருட்டு' என்று பொங்கோல்காரர்கள் சொல்வதில் பாதி இதனால் வருவது என்பது என் கணிப்பு.

விளக்கு கெட்டால் யார் மாற்றுவார்கள்? புளோக்கின் கீழேயும் தாழ்வாரத்திலும் இருப்பது நகர மன்றத்தின் பொறுப்பு. சாலை விளக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. பூங்கா இணைப்புப் பாதை என்றால் தேசியப் பூங்காக் கழகம். செங்காங், பொங்கோலில் ஒரே நடையில் இந்த மூன்று எல்லைகளையும் தாண்டுவது சாதாரணம். எல்லைகள் சந்திக்கும் இடத்தில் கெட்ட விளக்கை எல்லாரும் அடுத்தவருடையது என்று நினைத்துக் கடந்து போவார்கள். ஒன்சர்விஸ் செயலியில் படம் எடுத்து, விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணோடு போட்டுவிடுங்கள். உரியவருக்கு அனுப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேக்கா பக்கம் நடை குறுகியது, புளோக்குக்கும் சாலைக்கும் நடுவே இடைவெளி குறைவு, எல்லைகளும் குறைவு.

தேக்காவின் குறைகளையும் மறைக்க மாட்டேன். ஞாயிறு இரவு சத்தமும் குப்பையும் உண்மை. படிக்கட்டு நாற்றம் சில புளோக்குகளில் உண்மை. பழைய நீளத் தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் உங்கள் படுக்கையறை ஜன்னலைக் கடந்து போவார்கள். தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும், பெண்கள் மீது கை வைக்கும் கேடும் நெரிசலில்தான் நடக்கும். இரண்டாம் மாடியைத் தவிர்த்து ஐந்துக்கு மேல், தாழ்வாரக் கோடி வீடாகப் பார்த்தால் சத்தம், தாழ்வார நடமாட்டம் போன்ற தொல்லையில் பெரும்பகுதி குறையும். கதவுக்கு வெளியே பார்க்கும் கேமராவை வீட்டுக்குள் பொருத்த 2023 மே முதல் தனி அனுமதி தேவையில்லை. அண்டை வீட்டுக் கதவையும் ஜன்னலையும் நோக்கி மட்டும் வைக்கக் கூடாது. சுவருக்கு வெளியே மாட்டுவதென்றால் நகர மன்றத்தைக் கேட்க வேண்டும்.

கேலாங்கைப் பற்றியும் கேட்பார்கள். இரட்டைப்படை எண் கொண்ட லோரோங்குகளில் (சந்துகளில்) சிவப்பு விளக்கு நடமாட்டம் இருக்கிறது. 2014-ல் கலவர விசாரணைக் குழுவின் முன்னால் அன்றைய காவல்துறை ஆணையர் இங் ஜூ ஹீயே, லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங்தான் தமக்குக் கவலை என்றார். 2015-ல் லோரோங் 4-க்கும் 22-க்கும் நடுவே, கில்லிமார்ட் சாலைவரை உள்ள பகுதியில் புதிய குடியிருப்புக் கட்டடங்கள் வராதபடி நிலப் பயன்பாட்டை மாற்றிவிட்டார்கள். குடும்பத்துக்கு அந்தப் பட்டை வேண்டாம். ஆனால் ஹெய்க் சாலை, அல்ஜுனிட் பக்கத்து வீவக வீடுகளை அதோடு சேர்த்து ஒதுக்குவது நியாயமில்லை.

உண்மையில் எவ்வளவு குற்றம் நடக்கிறது? 2024-ல் நாடு முழுக்கப் பதிவான நேரடிக் குற்றங்கள் (திருட்டு, தாக்குதல் போன்றவை) 19,969. மோசடிகள் மட்டும் 51,501, பறிபோனது 110 கோடி வெள்ளிக்கு மேல். மோசடிக்காரனுக்குச் செங்காங்கும் தேக்காவும் ஒன்றுதான். பட்டப்பகலில் வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவின் கைப்பேசியில்தான் அவன் நுழைகிறான். சந்தேக அழைப்பு வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799-ஐ அழைக்கும்படி எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று சைக்கிள் திருட்டு. புளோக்கின் கீழே நிறுத்துவதானால் சட்டகத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட வேண்டும், சக்கரத்தை மட்டும் பூட்டினால் மீதியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரே சம்பவம் வட்டாரத்தின் பெயரை மாற்றிவிடுவது புதிய பேட்டைக்கும் நடக்கும். 2020 மே மாதம் பொங்கோல் ஃபீல்டில் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் கத்திக்குத்தில் இறந்தபோது, அந்தப் பாதையில் இரவில் நடப்பதையே பலர் சில காலம் விட்டுவிட்டார்கள். அதனால் பொங்கோல் ஆபத்தான ஊர் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதே நியாயத்தைத் தேக்காவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறந்ததே 2024 டிசம்பரில்தான். அந்த முனையில் இரவு நடமாட்டம் வளர வளரக் கணக்கு மாறலாம், ஆகவே அங்கே என் சொல்லை இறுதியாக எடுக்க வேண்டாம்.

வீட்டைப் பார்க்க மூன்று முறை போங்கள்: ஞாயிறு இரவு எட்டு மணி, வெள்ளி இரவு பதினொன்றரை, ஒரு வேலைநாள் விடியற்காலை ஆறு. காரில் போகாமல் நிலையத்திலிருந்து நடந்தே போங்கள். லிஃப்ட் முகப்பில் காவல்துறையின் அறிவிப்புப் பலகை இருந்தால் எந்தக் குற்றத்தைப் பற்றி எச்சரிக்கிறது என்று வாசியுங்கள்.

வீட்டு வாசலில் நின்று சுவரைப் பாருங்கள். அந்த ஒரு கதவைச் சுற்றி மட்டும் புதுப் பெயிண்ட் திட்டுத் திட்டாக இருந்தாலோ, இரும்புக் கதவின் பூட்டு மட்டும் புதிதாக இருந்தாலோ கடன்முதலைத் தொல்லையாக (உரிமமின்றிக் கடன் கொடுப்பவர்கள் கதவில் பெயிண்ட் ஊற்றி மிரட்டுவது) இருக்கலாம். பெயிண்ட் ஊற்றுகிறவனுக்குக் கையில் இருப்பது முகவரி மட்டும்தான், ஆள் மாறியது தெரியாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் நேராகவே கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். அப்படி ஒன்று நடந்தால் சுவரைக் கழுவும் முன் படம் எடுத்துப் போலிசில் புகார் கொடுங்கள். முன்பு இருந்தவர் அடையாள அட்டை முகவரியை மாற்றிவிட்டாரா என்று உரிமையாளரிடம் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உங்களுடையதை மாற்ற, குடிவந்த நாளிலிருந்து 28 நாள் அவகாசம்.