ஜோடி ஓவியம் வரையக் கொடுக்கிறீர்களா? முதலில் நிறத்தைப் பேசுங்கள்

போட்டோ அனுப்பினால் ஆயில் பெயிண்டிங்காக வரைந்து தரும் சென்னைக் கடை ஒன்றில், அக்கா அத்தான் கல்யாண நாளுக்காக ஒரு படம் சொல்லியிருந்தேன். அக்கா மதுரைக்காரி, அத்தான் நைஜீரியாவில் எனுகு ஊர்க்காரர், இக்போ இனம். இருவரும் இப்போது ஹூஸ்டனில். கடைப் பெயரைப் போடவில்லை. ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடையோடு முடிவதில்லை, இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான்.

24×18 அங்குல கேன்வாஸ், 14,000 ரூபாய், பாதி முன்பணம். பிரேமும் கூரியரும் தனி.

முதல் டிராஃப்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. துணிமணியில் கை வைக்க இடமில்லை. அத்தான் போட்டிருந்த இசியாகு என்ற இக்போ விழாச் சட்டையின் தங்கநிறச் சிங்கத்தலைகள், கழுத்துப் பவள மாலை, அக்காவின் அரக்குப் பட்டில் ஜரிகை ஓடும் இடம், எல்லாம் அவ்வளவு நேர்த்தி. முகத்துக்கு வந்தால்தான் வயிற்றெரிச்சல். அக்கா கோதுமை நிறத்துக்கு ஏறியிருந்தாள், அத்தான் முகத்தில் சாம்பல் பூசின மாதிரி ஒரு வெளிறல். கேட்டதற்கு, "எல்லாரும் கொஞ்சம் கலர் ஏத்தித்தான் சார் கேப்பாங்க, அதான் நாங்களே பண்ணிடறோம்" என்றார் கடைக்காரர். கறுப்பு என்று சொல்லி எத்தனை வரன்கள் அவளைத் தட்டிக்கழித்தன என்பது எங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். அந்த நிறத்தோடு அவளை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட மனிதருக்கு வேறு யாரோ ஒருத்தியின் படத்தையா பரிசாகக் கொடுப்பது?

சரி, போனில் பேசி ஆகாது என்று நேரில் போய், வரைகிறவரையே பார்த்தேன். பெரியவர், கவின் கலைக் கல்லூரியில் படித்தவர், விஷயம் தெரிந்தவர். கடைதான் அவர் கையைக் கட்டிவைத்திருந்தது. பேலட்டில் கலந்தே காட்டினார். கரிய தோலைக் காட்ட வெறும் கறுப்பு உதவாது, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரீன் நீலமும் சேர்ந்தால்தான் அந்த ஆழம் வரும். வெளிச்சம் விழும் இடத்தில் டைட்டானியம் வெள்ளையை அள்ளிப் போட்டால் சாம்பல் பூத்துவிடும், அங்கே லேசாக நீலம் எட்டிப்பார்க்க வேண்டும். அக்காவுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளும், நிழலுக்குத் துளி சிவப்பு. அத்தானின் கன்னத்து ஓரத்தில் அந்த நீலத்தை அவர் ஒற்றி எடுத்தபோதுதான் அது அத்தான் முகமாக மாறியது.

பாதிக் கோளாறு நாம் கொடுக்கும் போட்டோவிலேயே இருக்கிறதாம். இரண்டு பேரும் ஒரே படத்தில் இருந்தால் ஒருவருக்கு வெளிச்சம் சரியாக விழும்போது மற்றவர் இருளுக்குள் போய்விடுகிறார், இல்லாவிட்டால் போனே முகத்தை வெளுத்துவிடுகிறது. பிலிம் காலத்திலும் இந்தப் பாரபட்சம் உண்டு: பிரிண்ட் போடும் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடக் கொடுத்த ஷெர்லி கார்டுகளில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான். அதனால் தனித்தனியாக, ஜன்னல் பக்கம் நிற்க வைத்து, பில்டர் எதுவும் போடாமல் எடுத்த படங்களாகக் கொடுங்கள்.

மாதிரிக்கு நான் அவரிடம் காட்டியது என்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பியின் வேலைகளை. 1983இல் எனுகுவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஓவியர், கணவர் வெள்ளைக்காரர். தானும் கணவரும் வீட்டில் சாவகாசமாக இருக்கும் காட்சிகளை வரைவார். உற்றுப் பார்த்தால் தோல், தரை, சுவர் என்று பல இடங்களிலும் குடும்பப் போட்டோக்களும் நைஜீரியப் பத்திரிகைப் படங்களும் அச்சாகப் பதிந்திருக்கும். யாரும் யாருக்காகவும் நிறம் மாறியிருக்க மாட்டார்கள். இப்படி இரண்டு நிறத்து ஜோடிகள் இந்தக் காலத்துச் சங்கதி என்றும் நினைக்க வேண்டாம். ஹென்றி ஒசாவா டேனர் என்ற கறுப்பின அமெரிக்க ஓவியர் 1898இல் வரைந்த மரியாளுக்கு மாடலாக உட்கார்ந்தவர் ஜெஸ்ஸி ஓல்சன் என்ற வெள்ளைக்காரப் பாடகி. அடுத்த வருடமே இருவருக்கும் கல்யாணம். அந்தப் படம் இப்போது பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என்ஜிடேகாவின் அந்த அச்சு முறை பெரியவருக்குப் பழக்கமில்லை. பதிலுக்கு, பின்சுவரில் எங்கள் பாட்டியின் படத்தையும் அத்தானின் அம்மா படத்தையும் உள்ளங்கை அளவில் வரைந்து மாட்டிவிட்டார், கூடுதல் காசு கேட்கவில்லை. அக்காவின் கைவிரல்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் கட்டையாகத்தான் இருக்கின்றன. சொல்லிப் பார்த்தேன், போதும் விடுங்கள் என்றார், விட்டுவிட்டேன்.

ஆயில் காய நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள். வெளிநாட்டுக்குச் சுருட்டி அனுப்புவதானால் நன்றாகக் காய்ந்த பிறகு, வண்ணம் வெளிப்பக்கம் வரும்படி சுருட்டச் சொல்லுங்கள். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இதை பில் போடும்போது கடையில் யாரும் சொல்லவில்லை.

மறுபடி அங்கே கொடுப்பேனா? அந்தப் பெரியவர்தான் வரைகிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். வாட்ஸ்அப்பிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம் சார் என்றால் மாட்டேன்.