கண்ணாடிக் கதவைச் சுவர் என்று நம்பிய லைடார்

எங்கள் குட்டி ஆளில்லா டெலிவரி வண்டியை, ரோபோக்களைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் கசீபோ என்ற சிமுலேட்டரில், மெய்நிகர் சென்சார்களோடு ஓட்டிச் சோதிக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது. இனி அது இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் முதல் ஆறு மாதம் அதை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன்.

வண்டியில் இருப்பது 16 கதிர் லைடார்: லேசர் கதிர்களை வீசி, அவை பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைப் புள்ளி புள்ளியாக அளக்கும் சென்சார். நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் புள்ளிகள். கணினியில் ஒவ்வொரு கதிரும் எங்கே முட்டுகிறது என்று கணக்குப் போடுவார்கள், அவ்வளவுதான். வரைந்த கட்டடத்தில் கண்ணாடிக் கதவும் திடப்பொருள். கதிர் முட்டும், வண்டி சமர்த்தாக நிற்கும். சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு லாபியில் நிஜ வண்டியை விட்டபோது கதிர்கள் கண்ணாடியை ஊடுருவி உள்ளே இருந்த செடித்தொட்டியைப் பார்த்தன. வண்டி நேராகக் கதவை நோக்கிப் போனது. நண்பர் பாய்ந்து அவசர பட்டனை அமுக்கியபோது பம்பருக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண் இடைவெளி. செக்யூரிட்டி அங்கிள் பார்த்த பார்வை இருக்கிறதே!

தப்பு மென்பொருளில் இல்லை. நாங்கள் வரைந்து கொடுத்த உலகம்தான் அப்படி. அப்புறம் கண்ணாடிகளை லைடார் கண்ணுக்குத் தெரியாமல் செய்தோம். தூர அளவில் 3 செ.மீ. வரை இரைச்சல், அதாவது தாறுமாறான சின்னப் பிழைகள், கலந்தோம். சில புள்ளிகளை வேண்டுமென்றே தொலைத்தோம். அதுவரை ஜோராகத் தேறிய சோதனைகள் வரிசையாகத் தோற்றன. எனக்கு அன்றுதான் நிம்மதி. கண்ணாடியைப் பிடிக்க வண்டியில் ஒலி அலையால் தூரம் அளக்கும் மீயொலி சென்சாரும் ஏறியது.

இன்னொன்று: நிஜ லைடார் ஒரு சுற்று சுற்ற 0.1 நொடி. மணிக்கு 5 கி.மீ.யில் போகும் வண்டி அதற்குள் 14 செ.மீ. நகர்ந்துவிடும், படம் லேசாகக் கோணும். எங்கள் மெய்நிகர் லைடாரோ முழு வட்டத்தையும் ஒரே கணத்தில் எடுத்தது. இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போனது.

சரி, லாபம் என்ன? அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடிவருவதை ஒரே இரவில் 500 தடவை, வேகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நிஜத்தில் ஒரு தடவைகூட யார் சம்மதிப்பார்கள்?

மழைக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. ஈரத் தரை கதிரைக் கண்ணாடிபோல வேறு பக்கம் தெறிக்கவிடும். புள்ளிகள் காணாமல் போன இடத்தை எங்கள் வண்டி பள்ளம் என்று நினைத்து நிற்கிறது. நன்யாங் பல்கலைக்கழகத்தின் சோதனைத் தளத்தில் செயற்கை மழை இயந்திரமே இருக்கிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடுகிறோம்.