மாஸ்க்குக்குள் தண்ணீர்: ஓப்பன் வாட்டர் கார்டு வாங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

அந்தமானில் ஹாவ்லாக் தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் கற்று, ஓப்பன் வாட்டர் கார்டு என்ற தொடக்க நிலைச் சான்றிதழ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பயிற்சியில் போட்ட நான்கையும் சேர்த்து ஒவ்வொரு டைவையும் குறித்து வைக்கும் என் லாக் புத்தகத்தில் இன்றைக்கு 37 டைவ். ஊருக்குத் திரும்பிய வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் மீனையும் பவளப்பாறையையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இப்போது யோசித்தால் முதலில் கண்முன் வருவது, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நெஞ்சளவுத் தண்ணீரின் அடியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த முதல் நாள் காலைதான்.

அன்றைக்குச் சொல்லித்தந்தது மாஸ்க் கிளியரிங். கண்ணையும் மூக்கையும் மூடியிருக்கும் மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, அடியில் இருந்தபடியே அதை வெளியேற்ற வேண்டும். செய்முறை இரண்டே வரி. மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, லேசாக அண்ணாந்து, மூக்கால் ஊதினால் கீழ்விளிம்பு வழியாகத் தண்ணீர் போய்விடும். வாயில் சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் இருக்கிறது, காற்று வந்துகொண்டே இருக்கிறது, மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கண்ணிலும் மூக்கிலும் உப்புத்தண்ணீர் பட்டதும் உடம்புக்கு அதெல்லாம் புரிவதில்லை. மூக்கால் இழுத்துவிட்டேன். புரையேறி, இருமிக்கொண்டே எழுந்து நின்றேன். நான்கு தடவை இப்படியே. என்னோடு கற்க வந்த மைத்துனன் முதல் தடவையிலேயே முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தான்.

எங்கள் பயிற்றுநர் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "அண்ணா, தண்ணியை வெளியேத்துறத விட்டுடுங்க. மாஸ்க்கைக் கழட்டிக் கையில வெச்சுக்கோங்க. கண்ணை மூடிட்டு வாயால மூச்சு விட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்காருங்க, போதும்" என்றார். உட்கார்ந்தேன். உள்ளே இழுக்கும்போது ரெகுலேட்டரின் 'ஸ்ஸ்' சத்தம், வெளியே விடும்போது குமிழிகள் காதோரம் உருண்டு மேலே போகும் சத்தம். என் தோளில் கை வைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு மூச்சுக்குப் பிறகு மூக்கில் தண்ணீர் இருப்பது வெறும் ஈரமாக மட்டும் தெரிய ஆரம்பித்தது. அதற்கப்புறம் மாஸ்க்கைப் போட்டு ஊதியது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார். என் மாஸ்க் எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. காரணம் மீசை. சிலிக்கான் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி இருந்தால் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக வரும். முழுசாக எடுக்க வேண்டியதில்லை, மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடளவு கத்தரித்தால் போதும் என்றார். அன்று இரவு அறையில் சின்னக் கத்தரிக்கோலால் அதைச் செய்தேன். மறுநாள் கசிவு பெருமளவு நின்றுவிட்டது. மீசை வைத்த நம்மூர் ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அவர் அவசரப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். "நாளைக்குக் காலையிலயும் இதையே செய்வோம்ண்ணா" என்று சொல்லிவிட்டார். நான்கு நாளில் முடிய வேண்டிய கோர்ஸ் எங்களுக்கு ஐந்து நாள் ஆனது.

கோர்ஸைப் பற்றிச் சுருக்கமாக. நான் படித்தது பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் பாடத்திட்டம். எஸ்.எஸ்.ஐ. என்று இன்னொன்று இருக்கிறது. தொடக்க நிலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, எங்கே போனாலும் இரண்டு கார்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். எந்த அமைப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, யார் கற்றுத்தருகிறார், ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று விசாரிப்பதில் நேரத்தைச் செலவிடுங்கள். பாடங்களை வீட்டிலேயே ஆன்லைனில் படித்துவிட்டுப் போனேன். 50 கேள்விகள் கொண்ட தேர்வில் 75 சதவீதம் எடுக்க வேண்டும். நிதானமாகப் படித்தவருக்கு அது கஷ்டமில்லை. ஆழம் குறைந்த நீரில் ஐந்து கட்டப் பயிற்சி, கடலில் நான்கு டைவ். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், கால நிர்ணயம் கிடையாது. பத்து நிமிடம் மிதக்க வேண்டும். இதற்காகவே ஆறு மாதம் முன்பிருந்து மாநகராட்சி நீச்சல் குளத்துக்குப் போனேன். சுற்றுலாப் பயணிகளுக்கு அரை மணி நேரம் நடத்தும் டைவுக்கு நீச்சல் தேவையில்லை என்று சொல்வார்கள். அதில் பயிற்றுநர் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு உங்களையே தூக்கிப் போவது மாதிரி கூட்டிப் போகிறார். கார்டு வாங்குவது வேறு. இங்கே உங்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், பக்கத்தில் வரும் துணையையும் சேர்த்து.

உடல்நலப் படிவத்தை மறைக்காமல் நிரப்புங்கள். ஆஸ்துமா, காது, சைனஸ் எதிலாவது 'ஆம்' என்றால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். அதை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

எல்லோரும் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்று, 200 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்தது. தண்ணீரில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. பத்து மீட்டரில் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி ரெகுலேட்டர் காற்றைத் தருவதால், பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது போக வழியில்லாமல் நுரையீரலைக் கிழிக்கும். அதனால்தான் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பது. என் அப்பாவுக்குத் தூத்துக்குடி. சங்கு குளிக்கிறவர்கள் நிமிடக்கணக்கில் மூச்சடக்கி இறங்குவதைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவன் நான். தண்ணீருக்கடியில் மூச்சை அடக்குவதுதான் திறமை என்று மனதில் பதிந்திருந்தது. அவர்கள் மேலே இழுத்த காற்றோடு கீழே போகிறார்கள். அது அழுத்தத்தில் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்குத்தான் வரும், அதைத் தாண்டாது. ஆழத்தில் காற்றை வாங்குகிறவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இது புரிந்த பிறகு அவர்கள் மேல் மரியாதை இன்னும் கூடியது.

காதுக்கும் இதே அழுத்தம்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும். வலித்த பிறகு பலமாக ஊதக் கூடாது, கொஞ்சம் மேலே ஏறிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். சளி பிடித்திருந்த ஒரு நாள், பணம் கட்டிய இரண்டு டைவை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

கடலில் முதல் இரண்டு டைவ் 12 மீட்டருக்குள், அடுத்த இரண்டு 18 மீட்டருக்குள். ஓப்பன் வாட்டர் கார்டுக்கு 18 மீட்டர்தான் எல்லை. தலை நீருக்குள் போனதும் ஒரு சத்தம் கேட்கும், எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி, நாலா பக்கத்திலிருந்தும். பாறை இடுக்குகளில் இருக்கும் சின்ன இறால்கள் எழுப்பும் சத்தம் அது என்று பிறகு சொன்னார்கள். கிளிமீன் பவளத்தைக் கடிப்பது தெளிவாகக் கேட்கிறது, நொறுக் நொறுக்கென்று. கடித்ததை அரைத்து மணலாகக் கழிக்கிறது. மைத்துனன் கையில் கட்டியிருந்த சிவப்புக் கோயில் கயிறு இறங்க இறங்கப் பழுப்பாகி, 12 மீட்டரில் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது. தண்ணீர் முதலில் உறிஞ்சிக்கொள்வது சிவப்பு நிறத்தைத்தான். டார்ச் அடித்ததும் அந்தக் கயிறு மறுபடி சிவந்தது. அவன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். கடல் சாமந்திக்குள்ளிருந்து கோமாளி மீன் ஒன்று என் மாஸ்க் வரைக்கும் வந்து விரட்டிவிட்டுப் போனது. விரல் நீளம்கூட இல்லை.

சரி, கார்டு வாங்கிய பிறகு என்ன ஆகிறது? இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். கார்டுக்குக் காலாவதி கிடையாது. கைப்பழக்கத்துக்கு உண்டு. கோர்ஸ் முடிந்து பதினான்கு மாதம் கழித்து வேறொரு ஊரில் டைவ் போனேன். கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கினீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிதக்காமல் இறங்குவதற்காக இடுப்பு பெல்ட்டில் எவ்வளவு எடை கட்ட வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்து கொடுத்தார்கள். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அலுமினிய சிலிண்டர் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ காற்று தீர்ந்திருக்கும். அந்த அளவுக்கு லேசாகிவிட்டதால், மேலே வருவதற்கு முன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் என்னால் நிற்கவே முடியவில்லை. மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்டிலிருந்த காற்றை முழுக்க வெளியேற்றியும் பலூன் மாதிரி மேலே போய்விட்டேன். ஆழம் குறைவான டைவ் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பணம் கட்டி, கற்றதை மறுபடி செய்துபார்க்கும் ரெஃப்ரெஷர் பயிற்சி எடுக்கிறேன். எடையை இறங்குவதற்கு முன்பு நீர்மட்டத்திலேயே சரிபார்க்கிறேன். எவ்வளவு எடை, எந்த உடை என்று ஒவ்வொரு டைவுக்கும் லாக் புத்தகத்தில் குறித்து வைக்கிறேன்.

26-வது டைவ். மறுபடியும் ஹாவ்லாக். 14 மீட்டரில் பாறையை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கிறோம். முன்னால் போனவர் எதற்காகவோ சட்டென்று திரும்ப, அவர் காலில் மாட்டியிருந்த ஃபின்ஸ் என் முகத்தில் பட்டு மாஸ்க் கன்னம்வரை இறங்கிவிட்டது. ஒரே இருட்டும் உப்பும். நான் யோசித்ததாக ஞாபகமே இல்லை. கண்ணை மூடி, வாயால் இரண்டு மூச்சு விட்டுவிட்டு, கையால் தடவி மாஸ்க்கை இடத்தில் வைத்து, அண்ணாந்து ஊதினேன். கண்ணைத் திறந்தபோது மைத்துனன் பதறிப்போய் என் ஜாக்கெட் பட்டையைப் பிடித்திருந்தான். ஓகே என்று கை காட்டினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டக் கூடாது, அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். ஓகேவுக்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். டைவ் கம்ப்யூட்டரைப் பார்த்தேன், ஆழம் 14.2. அரை மீட்டர்கூட மேலே ஏறவில்லை. அந்த ஐந்தாவது நாளுக்கும், தோளில் தட்டிக்கொண்டிருந்த அந்த விரலுக்கும் அப்போது மனசுக்குள் நன்றி சொன்னேன்.

சாமான்களில் நான் வாங்கியது இரண்டுதான். முதலில் மாஸ்க். கண்ணாடி போடுகிறவன் என்பதால் பவர் வைத்த மாஸ்க். புது மாஸ்க்கின் உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கும், பற்பசை போட்டு நாலைந்து முறை தேய்த்துக் கழுவாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது டைவ் கம்ப்யூட்டர். ரெகுலேட்டரும் ஜாக்கெட்டும் வாங்கவில்லை. வருடத்தில் பத்துப் பன்னிரண்டு டைவ் போடுகிறவன் அவற்றை வாங்கிப் பராமரிப்பதில் அர்த்தமில்லை.

கோர்ஸுக்கு மட்டும் எனக்கு ரூ. 30,000-ஐ ஒட்டி ஆனது. விமானம், கப்பல், தங்குமிடம் எல்லாம் தனி. நாள் கணக்குப் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: தொடர்ந்து பல நாள் டைவ் செய்தால், கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் வேண்டும். சுற்றுலாத் திட்டம் போட்டுத் தருகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. கடைசி நாளை ராதாநகர் கடற்கரைக்கு விட்டுவிடுங்கள்.

லாக் புத்தகத்தின் முதல் வரி: 9 மீட்டர், 29 நிமிடம், மேலே வரும்போது மிச்சமிருந்த காற்று 50 பார். கடைசி வரி: 16 மீட்டர், 51 நிமிடம், 60 பார். சிலிண்டர் அதே அளவுதான். வருகிற பிப்ரவரியில் என் மனைவி கோர்ஸ் சேரப்போகிறார். நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அதே பயிற்றுநரிடம் பேசி, இந்தத் தடவை முதலிலேயே ஐந்து நாளாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.